முகம் தவிர மற்றெல்லாம்

அவர் யாரைப் பார்த்தாலும் முதலில் கால்களைத்தான் பார்ப்பார். பிறகு பார்வை மெல்ல மேலேறும். புடவையின் கரை, கையில் கிடக்கும் வளையல், இரவிக்கைக் கையின் விளிம்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு நொடி தங்கும். கழுத்துவரை வந்தபின் அங்கேயே நின்றுவிடும். அதற்குள் நாம் ஏதேனும் பேசிவிட்டால் அவர் உடல் தளர்ந்து இயல்புக்குத் திரும்பும். பேசாமல் நின்றால் அவரும் பேசாமல் நிற்பார். அண்டை வீட்டில் குடியிருந்த முதல் ஆண்டு முழுவதும் இதை நான் நாணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தெருவில் இருந்தவர்கள் திமிர் என்றார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் ஓர் ஆண்கள் பள்ளியில் தமிழாசிரியனாகச் சேர்ந்து, தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் குடியமர்ந்திருந்தேன். ஒரே கிணற்றைச் சுற்றி நாலைந்து குடித்தனங்கள். எங்கள் சுவரை ஒட்டிய பகுதியில் அவரும் அவருடைய கணவரும் இருந்தார்கள். கணவர் பேருந்து நடத்துநர். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, முறுக்கிவிட்ட மீசை என்று சந்தின் முனையிலேயே அடையாளம் தெரிகிற மனிதர். அந்தப் பெண்மணி வீட்டில் தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு தெருப் பெண்களுக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்துவந்தார்.

என் மனைவிக்கும் அவருக்கும் கிணற்றடியில் நல்ல நட்பு. ஆனால் ஒருநாள் மனைவி காய்கறிச் சந்தையிலிருந்து முகம் வாடித் திரும்பினாள். மறுநாள் காலையில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏங்க்கா, நேத்து சந்தையில என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போனீங்களே, நான் உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணேன்?"

"எப்போ?"

"கத்திரிக்கா வாங்கிகிட்டு இருந்தேன். என்ன இடிச்சிகிட்டு நின்னீங்க."

"நீயா அது?" அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. "ஒரு வார்த்த பேசி இருக்கக் கூடாதா தங்கச்சி? நீ வேற பொடவ கட்டியிருந்த இல்ல?"

"பொடவ மாறினா ஆளு மாறிடுமா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மற்றக் குடித்தனத்தார் எவரும் இல்லை. "எனக்கு மாறிடும்" என்றார். "சின்ன வயசுல இருந்தே இப்டித்தான். பாக்கறப்போ கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது, வாயி தெரியுது. சேத்து வெச்சா ஆளு வரல. எல்லார் மூஞ்சும் ஒரே மூஞ்சா இருக்கு. பேசினா தெரிஞ்சிடும். நடந்தா தெரிஞ்சிடும். சும்மா நின்னா தெரியாது."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கல்யாணத்துக்கு முன்ன எங்கம்மா கிட்ட சொன்னேன். 'வாய மூடுடி, மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா பொட்டச்சி கண்ணு நொள்ளைனு திருப்பி அனுப்பிடுவாங்க'ன்னுச்சு. மூடிட்டேன்."

அன்று இரவுச் சோறு பரிமாறும்போது மனைவி இதைச் சொன்னாள். எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதன்பின் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்த ஒவ்வொன்றும் அவர் சொன்னதற்கே சான்றாக நின்றது.

தெருப் பெண்கள் அவர் தையலைப் பெருமையாகப் பேசுவார்கள். ஒருத்திக்குக் கை விளிம்பில் சிவப்புக் கரை வைப்பார். மற்றொருத்திக்கு இரட்டை மடிப்பு. இன்னொருத்திக்கு முதுகில் சிறு முடிச்சு. ஒருவருக்கு வைத்ததை இன்னொருவருக்கு வைக்க மாட்டார். "எனக்குன்னே தனியா பண்ணி குடுக்கறா பாரு" என்று ஒவ்வொருத்தியும் மகிழ்ந்துபோவாள். அவர் தமக்காகவே அதைச் செய்தார் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தெருப் பெண்கள் அனைவரையும் தம் கையால் அடையாளம் இட்டு வைத்திருந்தார் அவர்.

இந்த ஏற்பாடும் ஒருநாள் பொய்த்தது. எதிர்வீட்டில் அக்காள், தங்கை என இரு பெண்கள். அக்காள் தன்னைப் பெண்பார்த்துச் சென்றவர்கள் நிறம் போதாதென்று மறுத்துவிட்டதை அவரிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். மறுவாரம் தங்கை, அக்காளின் இரவிக்கையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவர் அவளை உள்ளே அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கருமாதிப் பசங்க போனா போறாங்க வுடு. உன் நெறத்துக்கு இன்னா கொறச்சல்?" என்று ஆறுதல் சொன்னார். செய்தி அன்று மாலைக்குள் தெருமுழுதும் பரவியது. அக்காள் அதன்பின் அவர் வாசற்படி ஏறவேயில்லை.

திருமணங்களுக்கு அவர் கூட்டம் கூடும் முன்பே போய்விடுவார். ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். வேண்டியவர்கள் தாமே தேடிவந்து பேசட்டும் என்ற ஏற்பாடு. எழுந்து நடமாட வேண்டிய வேளை வந்தால் தலைவலி என்பார். தெருப் பெண்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்றை என் மனைவி காட்டியபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "இதுல நான் எது?" என்று கேட்டாராம். மனைவி முதலில் சிரித்துவிட்டாள். பின்பு அடுப்படிக்குள் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவருக்கு நிறைமாதமாக இருந்தபோது மாமனார் இறந்தார். வயிற்றுப் பிள்ளைக்காரி இழவு வீட்டுக்கு வரலாகாது என்று அவரை இங்கேயே விட்டுச் சென்றார்கள். கருமாதி முடிந்து கணவர் தம்பிமார் இருவரோடு திரும்பினார். மூத்த மகனாதலால் தலையும் மீசையும் மழித்திருந்தார். காக்கிச் சட்டை இல்லை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. களைப்பில் ஒன்றும் பேசாமல் வாசலில் வந்து நின்றார். உள்ளே இருந்த அவர் கதவைப் பாதி மூடிக்கொண்டு நிலைப்படியை மறித்தார்.

"அவரு ஊர்ல இல்லீங்க. வந்ததும் சொல்றேன். யாரு வந்ததுனு சொல்லட்டுங்க?"

தம்பிமார் வாய்விட்டுச் சிரித்தார்கள். "அண்ணி, நல்லாப் பாருங்க. இன்னும் ஜாஸ்தி நாள் வுட்டிருந்தா எங்களையும் தொரத்தி இருப்பீங்க போல." கணவர் சிரிக்கவில்லை. "தள்ளுடி" என்றார். குரலைக் கேட்டதும் அவர் நிலைப்படியை விட்டு விலகினார். அந்தச் சிரிப்பை நடத்துநர் பல ஆண்டுகள் மறக்கவில்லை. மீசை வளர்ந்த பிறகும் குடித்துவிட்டு வந்தால், "யாரு வந்ததுனு சொல்லட்டுங்க?" என்று அவரைப் போலவே பேசிக்காட்டிவிட்டுக் கை நீட்டுவார்.

பிறந்தது ஆண் பிள்ளை. பெற்ற பிள்ளையையாவது தெரிகிறதா என்று ஒருநாள் என் மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வீட்டுல இன்னா கஷ்டம்? வீட்டுல அவன் ஒருத்தன்தானே. தெருவுல ஆடறப்போ முடியப் பாப்பேன். நெத்தியில சுருண்டு வுழுது பாரு, இந்தச் சந்துல வேற எந்தப் புள்ளைக்கும் கெடையாது. என் கையால தச்ச சட்டதான் போடுவேன். அதுக்கு மேல இன்னா வேணும்?"

அதற்கு மேல் ஒன்றும் வேண்டாமல்தான் மூன்றாண்டுகள் சென்றன.

பிள்ளைக்கு இரண்டாம் வயதில் கடுங்காய்ச்சல் கண்டு பிழைத்தபோது, செங்கம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்த மாமியார் அண்ணாமலையாருக்கு முடி காணிக்கை என்று வேண்டிக்கொண்டார். தீபத் திருவிழாவில் தேரோடும் நாளன்று காலையில் மொட்டை என்று முடிவாயிற்று. அதைத் தடுக்க அவர் பட்ட பாட்டைச் சுவருக்கு இப்பால் இருந்து நாங்கள் கேட்டோம்.

"அத்த, முடிய மட்டும் வுட்டுடுங்க. நான் அங்கப்பிரதட்சணம் பண்றேன். மலைய முட்டி போட்டே சுத்தி வரேன்."

"பைத்தியமாடி உனக்கு? முடி மறுபடி மொளைக்கும். சாமி கிட்ட சொன்ன சொல்லு மொளைக்குமா?"

"பனிக்காலங்க. சளி புடிச்சிடும்."

"ஊர்ல கீற புள்ளைங்க எல்லாம் செத்தா போச்சு?"

உண்மையான காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் அது காரணமாகி இராது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டையடித்து, அவன் வாங்கிவந்த புதுச் சட்டையைத்தான் போடவேண்டும் என்பது முறை. ஆதலால் அவர் தைத்துவைத்த சட்டையும் பெட்டிக்குள் போயிற்று. பிள்ளையின் பாதத்தில் மையால் ஒரு பெரிய பொட்டு வைத்திருந்தார். தலைக்கு ஊற்றிய தண்ணீரில் அதுவும் கரைந்துவிட்டது.

கோயிலிலிருந்து அவர்கள் திரும்பியதைக் கண்டேன். மொட்டைத் தலை நிறையச் சந்தனம். கடையில் வாங்கிய மஞ்சள் சட்டை. கத்திக்கு அஞ்சி அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. அவர் அவனை இடுப்பை விட்டு இறக்கவில்லை. தேர் பார்க்கக் கிளம்பும்போது மாமியார் கையை நீட்டினார்.

"குடு இங்க. உன் கைய வுட்டா காணாம போயிடுவானா?"

அவர் கொடுத்தார்.

தேரடியில் வடம் பிடிப்பதற்கு மக்கள் ஒரே நேரத்தில் முன்னே பாய்ந்தபோது மாமியார் கீழே விழுந்தார். எழுந்து பார்த்தபோது பிள்ளை இல்லை. வீட்டார் திசைக்கொருவராக ஓடினார்கள். நானும் ஒரு பக்கம் ஓடினேன். காணாமற்போன பிள்ளைகளை வைத்திருக்கக் காவலர்கள் கோபுரத்தின் அருகே ஒரு பந்தல் போட்டிருந்தார்கள். "மஞ்ச சட்ட போட்ட, மொட்ட அடிச்ச, மூணு வயசுப் பையன்" என்று ஒலிபெருக்கி அலறியது. அன்று மாட வீதிகளில் அந்த அடையாளத்துக்கு உரிய பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தப் பந்தலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தாம்.

அங்கு நடந்ததைக் காவலர் ஒருவரே பின்னர் எனக்குச் சொன்னார். சந்தனத் தலையும் மஞ்சள் சட்டையுமாக நாலைந்து பிள்ளைகள் பாயில் இருந்திருக்கிறார்கள். ஒரு பெண் உள்ளே வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் "அம்மா, அம்மா" என்று கையை நீட்டிக் கதறியிருக்கின்றன. வெளியே மேளமும் வேட்டும்.

"புள்ளையப் பாத்தா தாயி பாஞ்சி வந்து தூக்குவா சார். இது நின்னுகிட்டு யோசிக்குது. ஒவ்வொண்ணா பாக்குது, தாண்டிப் போவுது. 'கொஞ்சம் நடக்க வுடுங்க சார், நடந்தா சொல்லிடுவேன்'னுச்சு. மாட்டுச் சந்தையாமா இது, நடக்கவுட்டுப் பாத்து ஓட்டிகினு போறதுக்குனு கேட்டேன். ஒரு புள்ளைய எடுத்துச்சு. வாசல் தாண்டல, அந்தப் புள்ளையோட அம்மாக்காரி ஓடி வந்துட்டா."

நான் போய்ச் சேர்ந்தபோது "புள்ள புடிக்கிறவ, புள்ள புடிக்கிறவ" என்ற கூச்சல் வீதியை நிறைத்திருந்தது. அவர் தலைமுடி ஒருத்தியின் கையில் இருந்தது. புடவை கிழிந்திருந்தது. உதட்டில் இரத்தம். அவர் யாரையும் தடுக்கவில்லை. அடிப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு குனிந்திருந்தார். நானும் காவலர்களும் இடையில் புகுந்து அவரை மீட்டோம். பாயின் ஓரத்தில் அவர் பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டார்:

"இவன்தானா ஐயா? நல்லாத் தெரியுமா?"

அந்தக் கேள்வி காவலர் காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் காதிலும் விழுந்தது. அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்த கணவர் காதிலும் விழுந்தது.

அடுத்த சில நாள்களில் எல்லாம் முடிந்தது. கண் மருத்துவரிடம் அழைத்துப்போனார்கள். கண்ணில் குறை இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததே அவருக்கு எதிரான தீர்ப்பாயிற்று. முற்றத்தில் உறவினர் கூடியபோது கணவர் சொன்னார்: "கண்ணு நல்லாக் கீதாம். அப்போ கெட்டுப்போனது இன்னா? மனசு. பெத்த புள்ள மேல மனசு இல்ல."

என் மனைவி பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டாள். "அண்ணே, அவங்களுக்கு மூஞ்சி நெனப்புல நிக்காதுங்க. பொறவிக் கொறங்க அது. பாசம் இல்லாம இல்ல."

"ஆடு கூட அதோட குட்டியத் தெரிஞ்சிக்குது தங்கச்சி."

அதுவரை தலைகுனிந்திருந்த அவர் அப்போதுதான் பேசினார். "ஆடு மோந்து பாத்துத்தாங்க தெரிஞ்சிக்குது. எனக்கும் மோந்து பாக்கத் தெரியும். எல்லாப் புள்ளையும் சந்தனமா மணந்துச்சு."

மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பேருந்து ஏறினார்.

பிறகு வேப்பிலையும் எலுமிச்சையும் வைத்துப் பேயோட்டினார்கள். பேய் போகாததால் சென்னைக்கு அழைத்துச்சென்று மனநோய் மருத்துவமனை ஒன்றில் விட்டார்கள். அங்குக் கொடுத்த மாத்திரைகளால் திரும்பி வந்தபோது கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க நெடுங்காலம் என் மனைவியைத்தான் கூப்பிடுவார். கணவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வேங்கிக்கால் பக்கம் குடிபோனார். பிள்ளையைப் பார்க்கத் தாயான அவர் செங்கம் பக்கத்து ஊருக்குப் போனபோதெல்லாம் மாமியார் வாசலிலேயே நிறுத்தி, "எந்தப் புள்ளையத் தேடி வந்த?" என்று கேட்டாராம். சில முறைகளுக்குப் பின் அவர் போவதை விட்டுவிட்டார். இத்தகைய குறைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டென்றும், அதற்கும் அன்புக்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவம் பயின்ற என் மகள் இப்போது சொல்கிறாள். அன்று அந்த ஊரில் அதற்கு இருந்த பெயர்கள் திமிர், பேய், பைத்தியம்.

எண்பதுகளின் நடுவில், உயர்நிலைப் படிப்புக்காக அந்தப் பையனைத் தந்தை தம்மிடம் அழைத்துக்கொண்டு நான் பணிபுரிந்த பள்ளியிலேயே சேர்த்தார். அவன் என் வகுப்பில் இல்லை. ஆனால் தந்தையின் தாடையையும் நெற்றியில் விழும் சுருளையும் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தாய் இருக்குமிடத்தை யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் மாலை அவன் மிதிவண்டியில் எங்கள் சந்துக்கு வந்து, அறுந்த பொத்தானைத் தைக்க வேண்டும் என்று அவர் வாசலில் நின்றான். சில நாள் கழித்து இன்னொரு பொத்தான். பிறகு கிழிந்த பை. சுருள் முடியுள்ள பையன்கள் எத்தனையோ பேரை அவர் இத்தனை ஆண்டுகளில் பார்த்துவிட்டார். எவனையும் நிறுத்திக் கேட்கும் துணிவு அவருக்கு எஞ்சியிருக்கவில்லை. குனிந்து தைத்துக் கொடுத்து அனுப்பினார்.

என் மனைவி அவனைச் சந்து முனையில் மடக்கினாள். "நீ யாருனு எனக்குத் தெரியும்டா கண்ணு. அவங்க கிட்ட சொல்லேன்."

"நீங்களும் சொல்லக் கூடாது ஆன்ட்டி. அவங்களா சொல்றாங்களானு பாக்கறேன்."

"அவங்களால முடியாதுப்பா. அது அவங்க தப்பு இல்ல."

"பெத்தவங்களுக்குத் தெரியாமப் போவுமா?" என்றான். அவன் வீட்டில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது. அதைப் பொய்யாக்கவோ மெய்யாக்கவோதான் அவன் பொத்தான்களை அறுத்துக்கொண்டிருந்தான். மேலும் ஒருமுறை வந்தான். அன்று தைத்து முடித்ததும் அவர், "உங்க வீட்டுல தச்சி குடுக்க ஆளு இல்லியாப்பா?" என்று கேட்டாராம். அதற்குப் பின் அவன் வரவில்லை.

"அந்தப் பொத்தான் பையன் ஏன் வரல தங்கச்சி? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று அவர் கேட்டபோது என் மனைவியால் வாக்கைக் காக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அன்று முதல் பள்ளி விடும் வேளையில் அவர் வாயிலுக்கு வந்து நின்றார். வெள்ளைச் சட்டையும் காக்கிக் காற்சட்டையுமாக நூற்றுக்கணக்கான பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சீருடையில் அவருக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. "சார், ஒரு பைத்தியம் எல்லாரையும் மொறைச்சிப் பாக்குது" என்று பையன்கள் முறையிட்டார்கள். காவலாளி விரட்டினார். அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். பையன் பின்சுவர் வழியாகப் போகத் தொடங்கினான்.

பின்சுவரில் வழியை அடைத்த நாளில் அவன் வாயில் வழியாக வரவேண்டியதாயிற்று. நண்பர்கள் சிலரோடு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் முற்றத்தில் இருந்து பார்த்தேன். இன்று இவனைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டுபோய் அவர் முன் நிறுத்திவிடுவது என்று விரைந்து நடந்தேன். நான் அவரை நெருங்கியபோது அவர்கள் அவரைக் கடந்துகொண்டிருந்தார்கள். நண்பன் ஒருவன் அவரைச் சுட்டிக்காட்டி அவனிடம் கேட்டான்:

"டேய், தெனமும் இங்க நிக்குதே, யார்ரா அது?"

"எனக்குத் தெரியாதுடா" என்றான் அவன்; வண்டியில் ஏறினான்.

அந்தக் குரல் கேட்டதும் அவர் கழுத்து வெடுக்கென்று திரும்பியது. சாலையில் வெள்ளைச் சட்டைகளோடு வெள்ளைச் சட்டையாகக் கலக்கும்வரை அந்த ஒரு முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் வந்து, "வீட்டுக்குப் போகலாம், வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் திரும்பினார். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு தெளிவு இருந்தது.

"தெரியாதுனு சொல்லிட்டுப் போறான் பாருங்க ஐயா," என்றார், "அதான் எம் புள்ள."